அர்த்தக்காரி

இத்தனை வருடம் கழித்தும் அந்த மனுஷியைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். மம்பட்டிக் கட்சி மேல், லொறி மாத்தயா மேல், தோட்டத்துத் தலைவர் மேல், அச்சகத்து நானா மேல். என் பேரும் அதில் இருக்கிறது. அது எத்தனையாவது இடத்தில் வர வேண்டும் என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவர் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். தோட்டத்தின் அடிவாரத்தில் ஓர் ஓடை. ஓடைக்குக் கீழே இரண்டு லயங்கள், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகள். முதல் லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது. ஓடைக்கு மேலே இருந்த லயத்தில் என் சித்தி இருந்தார். நான் பதுளை பஸாரில் முஸ்லிம் நானா ஒருவரின் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கிவிட்டு, பிறைக் கணக்கில் வாரம் ஒன்றாக வரும் போயா நாளை விடுமுறையாக்கியிருந்த காலம் அது. போயாவுக்குப் போயா சித்தி கையால் சாப்பிட பஸ் ஏறிவிடுவேன். அப்படித்தான் அவரைத் தெரியும்.

நெடுநெடு என்று உயரம். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி தேய்ந்து ஒரு தடம் விழுந்திருக்கும். வாயில் எந்நேரமும் வெற்றிலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது எதையாவது வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் நின்றுவிடுவார். கடிதம், தந்தி, துரை ஒட்டிய அறிவித்தல், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டு, எதுவானாலும் சரி. பாதி வாசிக்கும்போது கையைத் தூக்குவார்.

"நில்லு. இப்ப சொன்னியே அந்தச் சொல்லு, அதுக்கு என்ன அர்த்தம்?"

வாசிக்கிறவனுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. சொல்லின் அர்த்தம் சொன்னால் அதோடு விட மாட்டார். யாருக்கு, எப்போது, எங்களையும் சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். திருப்தியானால்தான் கை இறங்கும். லயத்துப் பிள்ளைகள் அவருக்கு அர்த்தக்காரி என்று பட்டம் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருக்கு அது தெரியும். காதில் விழாத மாதிரி நடந்துபோவார்.

ஒரு முறை பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்குத் தந்தி வந்தது. அவளுடைய அப்பா பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்தார். கணக்கப்பிள்ளை தந்தியைப் பிரித்து, "அப்பா சீரியஸ், உடனே வரவும்" என்று வாசித்ததுதான் தாமதம், லயமே கூடி மாரடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மண்ணில் விழுந்துவிட்டாள். இவர் நடுவில் புகுந்து கையைத் தூக்கினார்.

"நில்லுங்கடி. கணக்கப்புள்ள ஐயா, சீரியஸுன்னா செத்துட்டாருன்னா அர்த்தம்?"

"இல்ல. ஒடம்பு வருத்தம் கடுமைன்னு அர்த்தம்."

"அப்ப எதுக்குடி உசிரோட இருக்க மனுஷனுக்கு ஒப்பாரி வைக்கிறீங்க? எந்திரி, மூஞ்சியக் கழுவு. இவள யாராச்சும் பஸ்ஸேத்திவிடுங்க."

அந்த அப்பா அதற்குப் பிறகும் ஐந்தாறு வருடம் இருந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து ஓடைக்குக் கீழே எந்தக் காகிதம் வந்தாலும் அர்த்தக்காரி கை இறங்காமல் யாரும் அழுவதுமில்லை, சிரிப்பதுமில்லை.

இன்னொரு தடவை துரை ஓர் அறிவித்தல் போட்டார். கொழுந்து நிறைய இருப்பதால் போயாவன்றும் விரும்பியவர்கள் வேலைக்கு வரலாம் என்று. அவர் அந்த "விரும்பியவர்கள்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். விரும்பாதவர்கள் வர வேண்டாமா, வராவிட்டால் ஒன்றும் செய்ய மாட்டீர்களா என்று கணக்கப்பிள்ளையிடம் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் "ஆமா" வாங்கிவிட்டு, போயாவன்று படுத்துத் தூங்கினார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், போயாவுக்கு வராத பெண்களுக்கு அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் என்றார் கங்காணி. இவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "விரும்புனவங்கன்னு போட்டது யாரு? நானா போட்டேன்? அந்தக் கடுதாசிய இங்க கொண்டாங்க, சத்தமா வாசிங்க" என்று நின்றார். அவர் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் ஒருத்தியும் மலைக்கு ஏறவில்லை. கடைசியில் முழுப் பேர் போட்டார்கள்.

தலைவரையும் அவர் விட்டதில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர் கொழும்புக்குப் போய்விட்டு வந்து, "நம்ம கோரிக்கை பரிசீலிக்கப்படும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க" என்று மார்தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பரிசீலிக்கிறதுன்னா என்னங்க தலைவரே? செய்யறேன்னு சொல்றதா, பாக்குறேன்னு சொல்றதா?"

"பாக்குறேன்னு சொல்றது."

"அதுக்கா கை தட்டுனோம்?"

தலைவர் அதற்குப் பிறகு அவர் இருக்கிற கூட்டத்தில் நிமிர்ந்து பேசியதை நான் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷியை ஏமாற்ற முடியுமா? முடியும். முடிந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் கிராம சபைத் தேர்தல் வந்தது. தோட்டங்களுக்கும் கிராம சபைக்கும் சம்பந்தம் இல்லை. சபை போடுகிற ரோடு தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிடும்; அதற்கு அப்பால் நாங்கள் விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும் சபைக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த வட்டாரத்துக்கு எல்லை போட்டவன் ஓடையை எல்லையாக வைத்துவிட்டான். அதனால் ஓடைக்குக் கீழே இருந்த அந்த இரண்டு லயங்கள் மட்டும் எப்படியோ சபைக்குள் வந்துவிட்டன. அதிலும் பிரஜாவுரிமை கிடைத்தவர்களுக்குத்தான் வாக்கு. எண்ணிப் பார்த்தால் இருபது பேர் தேறும். அதில் இவரும் ஒருவர். இவர் புருஷன் பிரஜாவுரிமைக்கு வருடக்கணக்காக அலைந்து, பத்திரம் கையில் கிடைத்த அடுத்த மாதம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தவர்.

அங்கே போட்டியிட்ட கட்சிகளில் மம்பட்டிக் கட்சிக்குத்தான் மவுசு. மம்பட்டி அவர்கள் சின்னம். ஏழைக்குப் படி அரிசி சும்மா, பிள்ளைக்குப் புத்தகம் சும்மா, கம்பனிக்காரன் வளைத்துப் போட்ட காணி எல்லாம் மக்களுக்கு. இதுதான் அவர்கள் பேச்சு. மறைத்துப் பயனில்லை, நானும் அந்தக் கட்சி ஆள்தான். எனக்கு இருபத்து நாலு வயது. துரையின் பங்களா வாசலில் என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். கம்பனிக்காரனின் கொழுப்பை இறக்குவோம் என்று ஒருவன் ஒலிபெருக்கியில் சொன்னால், அவன் எந்த மொழியில் சொன்னாலும் எனக்கு இனித்தது. பதுளை மைதானத்தில் கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து திரும்பியிருக்கிறேன்.

அந்தப் போயா நாட்களில் தண்ணீர்ப் பீலியடியில் பெரிய விவாதம் நடக்கும். தலைவருடைய தொழிற்சங்கம் வேறு கட்சியோடு கூட்டு. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவர் துணி துவைத்துக்கொண்டே இரண்டு பேரையும் கிழிப்பார்.

"மம்பட்டிய எடுத்துக்கிட்டு வாரவன் நமக்குக் குழி வெட்டத்தான் வாரான்" என்றார் தலைவர்.

"நீங்க வெட்டாத குழியா?" என்றேன் நான். "இத்தன வருஷமா ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லிக் கேட்டீங்களா? அவங்க ஏழைக்குப் பேசுறாங்க."

"நில்லு தம்பி. ஏழைன்னு சொல்றப்போ அவங்க மனசுல யாரு இருக்கா?"

"ஏழைன்னா ஏழைதானேக்கா. சிங்கள நாட்டாளு ஏழை, தோட்டத்து ஏழைன்னு ரெண்டு இருக்கா?"

"இருக்கே. கீழ கடைக்குப் போனா ரெண்டு வரிசை நிக்குது, நீ பாக்கலியா?" துணியை ஓங்கி அடித்தார். "காணிய மக்களுக்குக் குடுப்பாங்கன்னு சொல்ற. நா கறிக்கு அவரையும் பீட்ரூட்டும் போட்டிருக்க எடமும் கம்பனிக் காணிதான். அத எடுத்து மக்களுக்குக் குடுத்தா, நா மக்களா இல்லியா?"

"மக்கள்தான்."

"நீ சொல்ற. அவங்க எங்க சொன்னாங்க?"

தலைவர் சிரித்தார். தலைவர் மேல் எனக்கு அன்றும் மரியாதை இல்லை, இன்றும் இல்லை. பின்னால் அந்த இரண்டு லயங்களும் தவித்தபோது எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். ஆனாலும் குழி விஷயத்தில் அவர் சொன்னது நடந்தது. அது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மம்பட்டிக் கட்சியின் வேட்பாளர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். இரண்டு லொறியும் ஒரு மர ஆலையும் வைத்திருந்தவர். அவரை எல்லோரும் லொறி மாத்தயா, லொறி ஐயா, என்பார்கள். சிங்களத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தார். தலைப்பு, "கமே இடம் கமட்ட." கிராமத்துக் காணி கிராமத்துக்கே என்று அர்த்தம். பஸாருக்கும் லயங்களுக்கும் தமிழிலும் வேண்டும் என்றார். நானா என்னைக் கை காட்டினார்.

நான் அந்த வேலையை என்ன பெருமையோடு செய்தேன் தெரியுமா? பாடசாலையில் படித்த நல்ல தமிழை எல்லாம் கொட்டினேன். கிராமம் என்ற சொல் சப்பென்று இருந்தது. "ஊர்க் காணி ஊராருக்கே" என்று போட்டேன். இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்து நானே மகிழ்ந்துகொண்டேன். நானாவும் "நல்லா கேக்குதுடா" என்றார்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் சனத்துக்கு ஊர் என்றால் இந்தியா. வேறு அர்த்தமே கிடையாது. "ஊருக்குப் போயிட்டார்" என்றால் கப்பலேறிவிட்டார். "ஊர்ச் சாமான்" என்றால் அங்கேயிருந்து வந்த சாமான். சிங்களக் கிராமத்துக்கு எங்கள் பேச்சில் நாடு என்று பெயர், அங்கே இருப்பவர்கள் நாட்டாளுகள். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மறந்துவிட்டது. நாலு வருடம் பஸாரில் சப்பாத்துப் போட்டு நடந்ததில் அம்மாவின் வாயிலிருந்து கற்ற சொல் மறந்துவிட்டது.

பிரசுரம் லயங்களுக்குப் போன இரண்டாம் நாள் அவர் அச்சகத்துக்கு வந்தார். வேலை நாள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் அந்தக் காகிதம், நாலாக மடித்தது. லொறி மாத்தயாவும் அப்போது அங்கே இருந்தார். இன்னும் ஐந்நூறு அடிக்கச் சொல்ல வந்தவர், நானாவோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீதானே இத எழுதுனது?"

"நான்தான்க்கா."

"லயத்துல ஒரே கூத்தா இருக்கு. ஊர்க் காணி ஊராருக்கேன்னு போட்டிருக்கியாமே. இந்தியாவுல இருக்க காணிய இவங்க எப்பிடிக் குடுப்பாங்கன்னு ஒருத்தன் சிரிக்கிறான். இன்னொருத்தன் சொல்றான், அது அப்பிடியில்ல, ஊராருன்னா ஊருலேருந்து வந்தவங்க, நம்மதான், நமக்குக் காணி தாராங்கன்னு. நீயே சொல்லு. ஊராருன்னா யாரு? நாங்களா?"

எனக்கு அந்த இடத்தில்தான் மண்டையில் உறைத்தது. விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். அதற்குள் லொறி மாத்தயா, என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். பிழையைத் திருத்தச் சொல்வார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் "ஊரார்" என்ற சொல்லைக் கேட்டதும் பிளேன்டீ புரையேறச் சிரித்தார். சிங்களத்தில் ஊரா என்றால் பன்றி. "ஊராட்டத இடம் தென்னே?" பன்றிக்கா காணி கொடுக்கிறோம் என்று நானாவின் தொடையில் தட்டினார். நானா சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் மாத்தயாவின் முகம் மாறியது. கணக்குப் போடுகிற முகம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஔ, அம்மே. ஒக்கோம ஊரார். ஒக்கோம அபே மினிஸ்ஸு."

எல்லோரும் ஊரார்தான், எல்லோரும் எங்கள் ஆட்கள்தான் என்றார். அர்த்தக்காரி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கையைத் தூக்கினார்.

"அவரு சொல்றது இருக்கட்டும். ஓட்டுக் கேக்க வாரவரு அப்பிடித்தான் சொல்லுவாரு. எழுதுனவன் நீ. நீ சொல்லு தம்பி. நாங்களும் சேத்தியா?"

மாத்தயா என்னைப் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார். நான் என்ன நினைத்தேன்? கட்சி வென்றால் எல்லோருக்கும் நல்லதுதானே, காணி பங்கிடுகிற நேரத்தில் இவர்களையும் சேர்க்காமலா போவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயந்தேன் என்பதுதான் சரி.

"ஆமாக்கா."

"லயத்துல சொல்லிரலாமா?"

"சொல்லுங்க."

கை இறங்கியது. அவர் போனதும் மாத்தயா என் தோளைத் தட்டி, அந்த ஐந்நூறை ஆயிரமாக்கச் சொன்னார். ஊராருக்கே என்பதை இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். பெரிய எழுத்தில் நானாவிடம் ஒரே ஒரு மர "ஊ" இருந்தது, ஓரம் உடைந்தது. அதைத் தேய்த்துச் சரிபண்ணி அடித்தேன்.

அவர் இரண்டு லயத்திலும் வாசல் வாசலாக ஏறிச் சொன்னார் என்று சித்தி பிறகு சொன்னார். "எழுதுனவன் வாயால கேட்டுட்டு வந்துட்டேன். நம்மளும் சேத்தி." அதுவரை தலைவர் பக்கம் இருந்தவர்கள்கூட மாறினார்கள். லொறி மாத்தயா வென்றது பத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில். வெற்றி ஊர்வலத்தில் மம்பட்டிக்கு மாலை போட்டு லொறியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லயத்து வாசலில் நிறுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் லொறியில் இருந்தேன். அவர் பாற்சோற்றை வாங்கிக்கொண்டு, "எப்பன்னு கேட்டுச் சொல்லு தம்பி" என்றார். பட்டாசுச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சபையின் அச்சு வேலை எல்லாம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது.

பாராளுமன்றத்துக்கான பெரிய தேர்தலிலும் கட்சி வென்றது. அரிசி கொஞ்ச நாள் கிடைத்தது, பிறகு நின்றது. பிறகு மரவள்ளிக்கிழங்குக்கே அடிபிடியாகிவிட்டது. காணிச் சட்டம் வந்தது. தோட்டத்தில் ஓடைக்குக் கீழே இருந்த பகுதியைக் கழித்து எடுத்தார்கள். நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்து, அவருடைய அவரைப் பந்தலுக்கு நடுவில் சிவப்புத் தலை வைத்த முளையை அடித்துவிட்டுப் போனார்கள். காணி கிடைத்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சபைப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டு லயத்திலிருந்தும் ஒரு பெயர் இல்லை. லயங்களைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். மேலே இடம் இல்லை என்று தோட்டம் கையை விரித்தது.

எங்கே போவது? யாரிடம் கேட்பது? யாரிடமும் பதில் இல்லாதபோது சனம் யார் மேல் பாயும்? பக்கத்தில் இருப்பவர் மேல்தான். "நீதானே வாசல் வாசலா வந்து சொன்ன" என்றார்கள். பீலிக்கு அவர் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவர் போய் நின்றால் கடிதத்தை மடித்துவிடுவார்கள் என்றும், தந்தியில் உயிர் பிழைத்தவரின் மகள்கூட முகம் கொடுப்பதில்லை என்றும் சித்தி சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஓடையைத் தாண்டி அவரைப் போய்ப் பார்த்தேனா? இல்லை.

பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், விசாரணை வைத்தார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் வரலாம் என்றார்கள். இரண்டு லயத்துக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான் வந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று நேரே அச்சகத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். நானா, "போ, ஆனா வாயக் காத்துக்கோ" என்று அனுப்பினார். உள்ளே யன்னலோரம் லொறி மாத்தயா உட்கார்ந்திருந்தார், இப்போது காணிக் கமிட்டித் தலைவர்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். அக்கா அந்தப் பிரசுரத்தை மேசையில் விரித்து வைத்தார். மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தார். "இதுல ஊராருக்கேன்னு போட்டிருக்கு. ஊராருன்னா நாங்களும்னு எழுதுனவரு சொன்னாரு. அவரே இங்க நிக்கிறாரு. கேளுங்க" என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். "ஊரார்" என்றதும் மூலையில் இருந்த கிளார்க் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் குனிந்துகொண்டான்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "ஊரார் கியன்னே கவுத?" ஊரார் என்பது யார்?

மாத்தயா என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கமே மினிஸ்ஸு" என்றேன். கிராமத்து ஆட்கள்.

அகராதிப்படி சரி. ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அந்த அளவு சிங்களம் அக்காவுக்கும் தெரியும். அதிகாரி எழுதிக்கொண்டார். எப்படியும் தேர்தல் பிரசுரம் சட்டமாகாது அம்மா, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, காகிதத்தைப் பக்குவமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பட்டியலில் இருந்தவர்களுக்குக் கிடைத்த துண்டுகளைப் பின்னால் ஒவ்வொன்றாக எழுதி வாங்கி, அந்தப் பகுதி முழுவதையும் மாத்தயா தன் மருமகன் பேரில் சேர்த்துக்கொண்டார். கட்சி தோற்கப் போகிறது என்று தெரிந்ததும் கட்சி மாறி அதிலும் வென்றார். கிராமத்து ஏழைக்கும் அங்கே ஒரு முழம் மிஞ்சவில்லை.

கச்சேரியிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் நிலையத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பேசினார்.

"எடம் போயிருச்சு தம்பி. நீ என்ன சொல்லியிருந்தாலும் போயிருக்கும். அந்த ஐயாவே சொல்லிட்டாரு. அதுக்காவ நா ஒன்னையக் குத்தம் சொல்லல."

"அக்கா, நான் வந்து..."

"பேசாம கேளு. மாசக் கடைசியில ஆளுக்கொரு பக்கமா பிரியப் போறோம். நாலஞ்சு குடும்பம் வவுனியாப் பக்கம் போவுது, நானும் போறேன். அதுக்கு முந்தி நீ ஒருக்கா வா. இப்பவே வா. வாசல்ல நின்னு, 'சேத்தின்னு சொன்னது நாந்தான், இவ பொய் சொல்லல' அப்பிடின்னு சொல்லு. அம்புட்டுத்தான் வேணும். காணி வேணாம். என் பேச்ச நம்பி ஓட்டுப் போட்ட சனம், நா காசு வாங்கிக்கிட்டுச் சொன்னதா பேசுது. அந்தப் பேரோட என்னைய அனுப்பாத."

"வாறேன்க்கா" என்றேன்.

ஹாலிஎல பஸ் வந்தது. அவர் முண்டியடித்து ஏறி, யன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தார். ஒருவர் உட்கார வந்தபோது, "ஆள் வருதுங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

பஸ் படியில் ஒரு காலை வைத்தேன். லயத்து வாசலில் நான் நிற்பதும், சித்தி வீட்டு ஆட்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் கூடிப் பார்ப்பதும், விஷயம் மாத்தயா காதுக்குப் போவதும், நானா என் கணக்கை முடித்துக் கையில் கொடுப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் ஓடியது. காலை எடுத்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, கால் சுளுக்கவில்லை, யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தது. கொண்டக்டர், "ஏறுறீங்களா, இல்லியா?" என்று கத்தினார். இல்லை என்று தலையாட்டினேன்.

பஸ் திரும்பும்போது அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்தவரிடம் உட்காரச் சொன்னார்.